கோஷா ஆஸ்பத்திரி முதல் விம்கோ நகர் வரை – ஒரு சத்து மாத்திரையின் வரலாறு

வடசென்னையில் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் வழியில் இருக்கிறது விம்கோ நகர். தீப்பெட்டி கம்பெனியின் பெயரே ஊர்ப் பெயராகிவிட்ட இடம் இது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. சுவீடன் நாட்டுக்காரர்கள் 1923-ல் பம்பாயில் தொடங்கிய கம்பெனி அது. இன்றைக்கு 'விம்கோ' என்று சொன்னால் பலருக்கு தீக்குச்சி நினைவுக்கு வருவதில்லை, 2021 பிப்ரவரியில் வந்த மெட்ரோ ரயில் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தப் பகுதியில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் வீட்டில் அடுத்து நடப்பது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவார்கள். பிக்மி எண் வாங்குவார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக நடக்கும். பிரசவத்துக்குப் பெரும்பாலும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. 1880-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் வடசென்னையில் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள் என்று சொன்னால் மிகையாகாது. இதற்கு நடுவில் கையில் கொடுக்கப்படுவதுதான் சத்து மாத்திரை. "ரத்தம் ஊறும் மா, தவறாம போடு" என்று நர்ஸ் அக்கா சொல்லி அனுப்புவார்.

அந்த மாத்திரையில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று இரும்புச் சத்து. இன்னொன்று ஃபோலிக் அமிலம். இரும்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஃபோலிக் அமிலத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் குழந்தை முதுகுத்தண்டு பிளந்து பிறப்பதையும், மூளை வளராமல் பிறப்பதையும் பெருமளவு தடுக்கக்கூடிய பொருள் அதுதான். அதன் கதை பம்பாய் மில் தொழிலாளிப் பெண்களிடம் தொடங்கி, மெட்ராஸ் வழியாக ஒன்றுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால்தான் இன்றைக்கு அது ஏன் தாமதமாகக் கையில் கிடைக்கிறது என்பதும் புரியும்.

பழி யார் மேல்?

குழந்தை ஊனத்தோடு பிறந்தால் முதலில் பழி விழுவது தாய் மேல்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாள், காய் நறுக்கினாள், அதனால்தான் குழந்தைக்கு உதடு பிளந்தது என்பார்கள். இன்றும் கிரகணம் என்றால் கர்ப்பிணிகளை அறைக்குள் உட்கார வைக்கும் வீடுகள் உண்டு. தமிழ்நாடு மட்டும் அல்ல, உலகத்தில் பல நாடுகளில் இதுபோன்ற நம்பிக்கைகள் இருந்திருக்கின்றன. ஐரோப்பாவில் கர்ப்பிணி முயலைப் பார்த்தால் குழந்தைக்கு முயல் போல் உதடு பிளக்கும் என்று நம்பினார்கள்!

மருத்துவம் படித்தவர்களும் ஒரு காலம் வரை வேறு விதமான தவறு செய்தார்கள். கருப்பைக்குள் இருக்கும் குழந்தை கோட்டைக்குள் இருப்பது போல, வெளியே நடப்பது எதுவும் அதைத் தொடாது, ஊனம் என்றால் அது பரம்பரைதான் என்று நினைத்தார்கள். இந்த எண்ணத்தை உடைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் பலருக்கு கர்ப்ப காலத்தில் ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மை வந்திருந்ததை 1941-ல் அவர் எழுதினார். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1961-ல், தாலிடோமைடு என்ற மாத்திரை கைகால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் காரணம் என்று தெரியவந்து உலகமே அதிர்ந்தது.

ஆனால் இந்த இரண்டும் "ஏதோ ஒன்று உள்ளே வந்ததால்" ஏற்பட்ட கெடுதல்கள். ஏதோ ஒன்று உள்ளே வராததால், அதாவது சாப்பாட்டில் ஒரு சத்து குறைந்ததால், ஊனம் வரலாம் என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் நீண்ட பாதை இருந்தது. அந்தப் பாதையில் முதலில் நடந்தவருக்கே தான் எங்கே போகிறோம் என்று தெரியாது.

லூசி வில்ஸ் வந்தார்

லூசி வில்ஸ் 1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் படித்து 1920-ல் டாக்டர் ஆனார். 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அப்போது பம்பாயில் பிரசவத்தின்போது பெண்கள் இறப்பதைப் பற்றி ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஒரு விதமான கடுமையான ரத்தசோகை வந்தது. ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஆனால் ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. பல பெண்கள் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் இதுபோன்ற ரத்தசோகைக்குக் கல்லீரல் சாறு கொடுப்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட வைத்தியம். ஆனால் சுத்தப்படுத்திய கல்லீரல் சாறு இந்தப் பெண்களுக்கு வேலை செய்யவில்லை. அப்படியானால் இது வேறு ஏதோ ஒரு சத்துக் குறைவு என்று வில்ஸ் முடிவுக்கு வந்தார். கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட இடத்தில் வசிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். டாக்டர் தல்பதே, டாக்டர் மேத்தா போன்ற இந்தியர்கள் உடன் வேலை செய்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வரவில்லை. காயும் பழமும் பாலும் எட்டாத பெண்களுக்குத்தான் வந்தது.

1929-ல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் குன்னூரில் இருந்தார். அங்கே பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் உணவுச் சத்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பம்பாய் ஏழைப் பெண்களின் சாப்பாடு எதுவோ அதையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. 1931 தொடக்கத்தில் மெட்ராஸில் காஸ்ட் அண்டு கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். பெயர் புதிதாகத் தெரிந்தால், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்றால் தெரியும். 'கோஷா ஆஸ்பத்திரி' என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளத் தயங்கிய பெண்களுக்காக 1885-ல் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் முயற்சியில் தொடங்கியது அது.

வில்ஸ் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? மார்மைட்! பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும், ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஒரு கறுப்புக் களிம்பு. விலை மலிவு. சாகக் கிடந்த பெண்கள் சில நாட்களில் தேறினார்கள். 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை அவர் எழுதினார். மார்மைட்டுக்குள் இருக்கும் அந்தச் சத்து என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆகவே உலகம் அதற்கு 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்ஸ் பார்த்தது தாயின் ரத்தத்தைத்தான். பிறக்கும் குழந்தையின் முதுகுத்தண்டை அவர் பார்க்கவில்லை. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக வரும்.

திருவல்லிக்கேணியில் படித்த இன்னொருவர்

1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்சல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நான்கு டன் பசலைக்கீரையைக் கரைத்து, வடிகட்டி, கடைசியில் கொஞ்சமே கொஞ்சம் ஒரு பொருளைப் பிரித்தார்கள். இலையிலிருந்து வந்ததால், லத்தீன் மொழியில் இலை என்று பொருள்படும் 'ஃபோலியம்' என்ற சொல்லில் இருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் தேடியது இதைத்தான்.

நான்கு டன் கீரையை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியுமா? ஆலையில் செய்ய வழி வேண்டும். 1945-ல் அந்த வழியைக் கண்டுபிடித்தது லெடர்லே என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் குழு. அதன் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக்குலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். கோஷா ஆஸ்பத்திரியும் அந்தப் பள்ளியும் ஒரே பேட்டை. ஆனால் வில்ஸ் மெட்ராஸுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1922-ல், சுப்பாராவ் அமெரிக்கா போய்விட்டார். இருவரும் இங்கே சந்தித்துக்கொள்ள வாய்ப்பே இல்லை.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தினார் சுப்பாராவ். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயால் இறந்தார்கள். சாப்பிடும் சத்து உடலில் ஒட்டாமல் போகும் நோய் அது. பின்னாளில் அந்த நோய்க்கு நல்ல மருந்தாக அமைந்ததும் அவருடைய குழு செய்த அதே ஃபோலிக் அமிலம்தான். சினிமாவில் வந்தால்கூட நம்பமாட்டோம்!

இவ்வளவு செய்தவர் 1948-ல் நியூயார்க்கில் 53 வயதில் இறந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. பாடப் புத்தகங்களில் சில வரிகள்தான்.

முதுகுத்தண்டுக்கு வந்தது எப்படி?

கரு உருவான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப் பக்கம் ஒரு தட்டையான தகடு போல இருக்கும். அது இரண்டு ஓரமும் உயர்ந்து, வெற்றிலையைச் சுருட்டுவது போலச் சுருண்டு, ஒரு குழாயாக மூடிக்கொள்ளும். இதுதான் நரம்புக் குழாய். மேல்பாகம் மூளையாகவும் கீழ்ப்பாகம் முதுகுத்தண்டு நரம்பாகவும் வளரும். கரு உண்டான 28-வது நாள் வாக்கில் இந்த வேலை முடிந்துவிடும். மேலே மூடாமல் போனால் மூளையும் மண்டை ஓடும் வளராது, அந்தக் குழந்தை பிழைக்காது. கீழே மூடாமல் போனால் முதுகில் பிளவு. அறுவை சிகிச்சை செய்தாலும் பல குழந்தைகளுக்குக் கால் வராது, சிறுநீர் கட்டுப்பாடு இருக்காது, தலையில் நீர் கோக்கும்.

இதற்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற முதல் சந்தேகம் ஒரு கசப்பான இடத்தில் இருந்து வந்தது. சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின் என்ற மருந்தையும் செய்திருந்தது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பெயர் பெற்ற மருந்து அது. கருவைக் கலைக்க அந்த மருந்தைக் கொடுத்தபோது, சில கருக்களில் கடுமையான ஊனங்கள் இருந்ததை 1952-ல் தியர்ஷ் என்ற மருத்துவர் எழுதினார். ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் கரு கெடுகிறது என்றால், இயல்பாகவே அது குறைவாக உள்ள தாய்க்கு என்ன ஆகும்?

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் ஹிப்பர்டு, ஸ்மித்தெல்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஊனமுற்ற குழந்தை பெற்ற தாய்மார்களிடம் ஃபோலிக் அமிலக் குறைபாடு அதிகம் என்று 1965-ல் எழுதினார்கள். லூசி வில்ஸ் 1964-ல் இறந்துவிட்டார். ஒரே ஒரு வருட வித்தியாசம்.

அதன் பிறகும் இருபத்தைந்து ஆண்டுகள் சண்டை ஓடியது. ஸ்மித்தெல்ஸ் 1980-ல் வைட்டமின் மாத்திரை கொடுத்துக் காட்டிய முடிவை, குலுக்கல் முறையில் சோதிக்கவில்லை என்று பலர் ஏற்கவில்லை. கடைசியில் நிகோலஸ் வால்டு தலைமையில் 7 நாடுகளில் 33 மையங்களில் பெரிய சோதனை நடந்தது. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற பெண்களே அதில் சேர்ந்தார்கள். 1991-ல் முடிவு வந்தது. அந்தக் கணக்கு மிகச் சுலபமானது. ஃபோலிக் அமிலம் சாப்பிட்ட பிரிவில் 593 பேருக்கு 6 குழந்தைகள் பாதிப்போடு இருந்தன. சாப்பிடாத பிரிவில் 602 பேருக்கு 21. ஏறத்தாழ நூற்றுக்கு 72 பங்கு தடுக்கப்பட்டது. இதற்கு மேல் சோதனையைத் தொடர்ந்தால் மருந்து கிடைக்காத பெண்களுக்குச் செய்யும் துரோகம் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 1988 முதல் நடத்திவந்த இதே போன்ற சோதனையும் அந்த முடிவு வந்ததும் 1991-ல் நிறுத்தப்பட்டது. பிறகு சீனாவில் முதல் முறை கருவுறும் பெண்களிடமும் தினம் 400 மைக்ரோகிராம் போதும் என்று 1999-ல் நிரூபித்தார்கள்.

400 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. உப்புக் கல் ஒன்றைவிடச் சின்ன அளவு!

தாமதம் எங்கே?

இப்போது விம்கோ நகருக்குத் திரும்புவோம். இந்திய அரசு 1970-லேயே கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், 100 நாட்கள். உலகம் 1991-ல் நிரூபித்த மருந்து 1970-லேயே இங்கே கையில் இருந்தது என்று பெருமைப்படலாம். ஆனால் அது வில்ஸ் பார்த்த நோய்க்காகக் கொடுக்கப்பட்டது. ரத்தசோகை கர்ப்பத்தின் பிற்பகுதியில்தான் கடுமையாகும். அதனால் இந்த மாத்திரை நான்காவது மாதத்தில் இருந்து கொடுப்பது வழக்கமாயிற்று. தாயின் ரத்தத்துக்கு அது சரியான நேரம். குழந்தையின் முதுகுத்தண்டுக்கோ எல்லாம் முடிந்துபோன நேரம்.

நாளை எண்ணிப் பாருங்கள். நரம்புக் குழாய் மூடுவது கரு உண்டான 28-வது நாளில். அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் ஏறத்தாழ இரண்டே வாரம். அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே உறுதியாகத் தெரியாது. மாமியாரிடம் சொல்லலாமா, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா என்று இருக்கும் நேரம் அது. அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018-ல் தொகை 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. மற்ற எல்லாவற்றுக்கும் 12 வாரம் நல்ல விதி. ஆனால் 12-வது வாரத்தில் அந்தக் குழாய் மூடி (அல்லது மூடாமல் போய்) ஆறு வாரம் ஆகியிருக்கும். ஆகவே ஃபோலிக் அமிலம் கல்யாணம் ஆன நாளில் இருந்தே, கர்ப்பம் ஆவதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்தே உடலில் இருக்க வேண்டும்.

சரி, சாப்பாட்டில் இருந்து கிடைக்காதா? கிடைக்கும், ஓரளவு. கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் இந்தச் சத்து தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்தின் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகும். மேலும் காலை ஷிப்டுக்கு ஓடும் பெண்ணுக்குத் தினமும் கீரை ஆய்ந்து சமைக்க நேரம் ஏது? பம்பாய் மில் பெண்களைப் பற்றி வில்ஸ் எழுதியதும் இதே சங்கதிதான். "கீரை சாப்பிடவில்லை, அதனால்தான்" என்று யாராவது ஒரு தாயைப் பார்த்துச் சொன்னால், அது கிரகணத்தைச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஃபோலேட்டை உடல் பயன்படுத்த உதவும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் அந்த உடலுக்கு இந்தச் சத்து கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று 1995-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு குழந்தைக்கு இந்தக் குறை இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிப்பட்ட பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் போதாது, மருத்துவர் சொல்லும் அதிக அளவு, அதாவது பத்து மடங்கு, வேண்டும். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் வரும் நோய்கள் வேறு வகை, அவற்றில் பலவற்றை மாத்திரையால் தடுக்க முடியாது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்து, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், அளவுக்கு மீறிய உடல் எடை ஆகியவையும் முதுகுத்தண்டுப் பிளவுக்கு வழிசெய்பவை. வலிப்பு மருந்தைப் பயந்துபோய்த் தானாக நிறுத்திவிடக் கூடாது. அதைவிட ஆபத்து வேறில்லை. கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண்ணூர், மணலி ஆலைப் புகையால் குழந்தைகள் ஊனமாகப் பிறக்குமா என்று இந்தப் பகுதி மக்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஜப்பானில் மினமாட்டாவில் ஆலைக் கழிவில் கலந்த பாதரசம், மீன் வழியாகத் தாய்க்கும், தாய் வழியாகக் கருவுக்கும் போனதை உலகம் பார்த்திருக்கிறது. காற்று மாசுக்கும் பிறவிக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் முதுகுத்தண்டுப் பிளவைப் பொறுத்தவரை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்ட, நாளைக்கே சரிசெய்யக்கூடிய காரணம் ஃபோலேட் குறைவுதான்.

மாவும் அரிசியும்

பெண்கள் மாத்திரை போடுவதை நம்பி இருக்க முடியாது என்று அமெரிக்கா 1998-ல் கோதுமை மாவிலேயே ஃபோலிக் அமிலத்தைக் கலக்கக் கட்டாயமாக்கியது. 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகள் சில ஆண்டுகளிலேயே சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இதைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிரிட்டன் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது 2024-ல்தான்!

இந்தியாவில் 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் செறிவூட்டிய அரிசித் திட்டத்தை அறிவித்தார். பிறகு தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கும் அது வந்தது. "பிளாஸ்டிக் அரிசி" என்று வதந்தி கிளம்பி, பலர் அந்த அரிசி மணிகளைப் பொறுக்கி எறிந்தது தனிக் கதை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு வகுத்த அளவு, கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஒரு பெண் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது சுமார் 30 மைக்ரோகிராம். வேண்டியது 400. அமெரிக்க மாவில் கிலோவுக்கு 1,400. ஆகவே, இந்த அரிசி கெடுதல் இல்லை, ஆனால் முதுகுத்தண்டைக் காக்க இது மட்டும் போதாது.

இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்குச் சுமார் 4.1 பேர் என்ற அளவில் நரம்புக் குழாய்க் குறைபாடு இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வந்த ஒரு கட்டுரை சொல்கிறது. இதையெல்லாம் எண்ணிவைக்க 2001-ல் பிறவிக் குறைபாட்டுப் பதிவேட்டைத் தொடங்கியதும் சென்னையில் உள்ள ஃபீட்டல் கேர் ரிசர்ச் ஃபவுண்டேஷன்தான். 2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலிலும் முதலில் இருப்பது நரம்புக் குழாய்க் குறைபாடு.

பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. பள்ளியை விட்டதும் அது நின்றுபோகிறது. நான்காவது மாதத்தில் சிவப்பு மாத்திரை வருகிறது. பள்ளி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, முதல் குழந்தை உண்டாகும் வரை உள்ள அந்த ஐந்தாறு வருட இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. 2018-ல் வந்த ரத்தசோகை இல்லா பாரதம் திட்டம், குழந்தை பெற நினைக்கும் பெண்கள் கருவுறும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிட வேண்டும் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறது. மருந்துக் கடைகளில் ஃபோலிக் அமில மாத்திரை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சீர்வரிசையில் பித்தளைக் குடம் முதல் வாஷிங் மெஷின் வரை வாங்கிக் கொடுக்கும் வீட்டில் இந்த ஓர் அட்டை மாத்திரை மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சுகாதார நர்ஸ்களிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒரு நோட்டு உண்டு. அவர்கள் பகுதியில் குழந்தை பெறும் வயதில் உள்ள மணமான பெண்கள் ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக, அதாவது இனி குழந்தை வேண்டாம் என்பவர்களைக் கண்டுபிடிப்பதற்காக, அந்தக் காலத்தில் ஏற்பட்ட நோட்டு அது. போன மாதம் கல்யாணமாகி விம்கோ நகருக்கு வந்த பெண்ணின் பெயரும் அதே நோட்டில்தான் ஏற வேண்டும்.